கால்வாசிக் கப்பல்

ஜெலுத்தோங்கில் குடியிருந்துகொண்டு
ஜெலுத்தோங் மரத்தை
ஈப்போவிலிருந்து தபாலில் வாங்குகிறவன் நான்.
இரண்டு மில்லிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் கனம்,
நூறு பட்டைகள், ஒரு கட்டு.
பிரித்ததும் முகர்ந்தேன். பென்சில் வாசம்.

பதினான்காம் மாடி. சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.
மீதிப் பாதியில் தமயந்தி பூண்டு உரிப்பாள்.
எல்லைக்கோடு ஓர் இரும்பு அளவுகோல்.

கொம்தாரில் லாய் விற்ற பழைய மடிக்கணினியில்
ஒரு நிரல் இருக்கிறது.
கப்பலின் வளைந்த உடம்பை
ஆரஞ்சுத் தோல்போல் உரித்துத்
தட்டையாக விரித்துக் காட்டும்.
எந்தப் பட்டை எங்கே குறுகவேண்டும் என்று
புள்ளி வைத்துச் சொல்லும்.
தமிழ் மட்டும் தெரியாது.
அகராதியில் தேடியெடுத்து
ஏரா, வங்கு, அணியம், அமரம் என்று
கோப்புகளுக்குப் பெயர் வைத்தேன்.
எல்லாம் வெற்றுக் கட்டங்களாய் வந்து நின்றன,
எதிர் பிளாக்கின் இருட்டு ஜன்னல்கள் மாதிரி.
எந்த ஜன்னலுக்குள் அணியம் என்று
திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கட்டுவது பழைய மஞ்சள் ஃபெரி.
திரும்பத் தெரியாத கப்பல்.
பட்டர்வொர்த் போகையில் முன்னாக இருந்தது
பினாங்கு வருகையில் பின்னாகிவிடும்.
அதனால் கால்வாசி வரைந்தால் போதும்.
கண்ணாடிப் பொத்தானை அழுத்தினால் இடம் வலமாகும்,
இன்னொருமுறை அழுத்தினால் முன் பின்னாகும்,
முழுக் கப்பலும் வந்துவிடும்.

வராதது கை.
என் இடக்கையின் நடுவிரலும் அடுத்ததும்
பிறையில் ஓர் அச்சு இயந்திரத்தோடு தங்கிவிட்டன.
அதற்காகத்தான் மூன்றாம் கை வாங்கினேன்:
கனத்த இரும்புப் பாதம்,
இரண்டு முதலைவாய்க் கவ்விகள்,
நடுவில் ஒரு பூதக்கண்ணாடி.
முப்பத்திரண்டு ரிங்கிட்.
அதுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா என்றாள் தமயந்தி.

கவ்விகள் போதவில்லை.
கொடியிலிருந்த மரக்கிளிப்புகளை எடுத்தேன், நாற்பத்தெட்டு.
கழற்றி, வாயைத் திருப்பி மாட்டினால்
விட்டுக்கொடுக்காத பிடி.
மறுநாள் என் வேலைச்சட்டை
பதினான்கு மாடி இறங்கி
யாருடைய மைவி மேலோ படுத்திருந்தது.

நனைத்து, சால்டரிங் சூட்டில் வளைத்து,
பசை தொட்டு, கிளிப் போட்டு
இரு பக்கமும் முடித்து
கேலிப்பரை வைத்தேன்.
சமம் என்கிறது நிரல்.
ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர் என்கிறது கேலிப்பர்.
நூற்றுக்கு ஒன்று அளவு; பெருக்கினால் பதினான்கு சென்டிமீட்டர்.
விரல் போன இடம்வரை
என் இடக்கையின் நீளமும் அதுதான்.
(அளந்தேன். கேலிப்பர் கையில் இருந்தது.)

அன்று போனதும் வந்ததும் இதே ஃபெரி.
காலையில் மேல்தளத்தில் நின்று
பத்து விரலாலும் கச்சான் பூத்தே தின்றேன்.
இரவு கட்டோடு வந்தபோது
அதே தளம், அதே கம்பி,
பக்கத்தில் யாரோ அதே கச்சான் பூத்தே.
இரண்டாம் முறை பொத்தானை அழுத்தும்போதெல்லாம்
இரவுப் பாதி காலைப் பாதியைப் போலவே வந்து விழுகிறது.
கம்பி கம்பியாக எண்ணிப் பார்த்தேன்.
ஒன்றும் குறையவில்லை.

உப்புத்தாளை எடுத்தேன்.
திரும்ப வைத்துவிட்டேன்.
அந்த ஒன்று புள்ளி நான்கு அப்படியே இருக்கட்டும்.
மேல்விளிம்புப் பட்டையை ஒட்டிக்
கிளிப்புகளை வரிசையாக மாட்டினேன்.

தமயந்தி பூண்டுக் கத்தியோடு குனிந்து பார்த்தாள்.
"இதுல எது முன்னாடி?"
"எந்தக் கரையில நிக்கிறங்கறதப் பொறுத்தது."
"அது கெடக்கட்டும், கிளிப்பக் குடுங்க.
மழ இருட்டுது."

ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் மடியில் போட்டேன்.
நாற்பத்தேழு.
கடைசி ஒன்று
அமரத்தில், அவள் நின்ற பக்கமிருந்து அணியத்தில்,
இன்னும் காயாத ஒரு பட்டையைக்
கவ்விக்கொண்டிருந்தது.