பஞ்சு வால்

சட்பரி. மைனஸ் முப்பத்தொன்று.
டோனட் கடைக்குப் பின்னால்
எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது
நான் ஓட்டும் இழுவை வண்டி.
மடியில் பழைய துவாய்.
அதன்மேல் கழற்றி வைத்த வேப் டேங்க்:
கண்ணாடி ஒருபுறம், மூடி ஒருபுறம்,
நடுவே ஊறிக் கறுத்த பஞ்சு.
தொட்டால் விரலெல்லாம் மாம்பழ எசன்ஸ்.

நேற்று இது சட்டைப் பையில் ஒழுகி
வாடகைக் காசோலையைக் குடித்துவிட்டது.
மிஸ்டர் லாலோன்ட் அதைத் தூக்கிப் பிடித்து,
வெளிச்சத்தில் பார்த்து, மோந்தும் பார்த்து,
"எண்கள் எங்கே?" என்றார்.
எண்கள் நீலமாய் ஓடி
என் கையெழுத்துக்குள் குடியேறியிருந்தன.

ஒழுகினால் பஞ்சைக் கூட்டு என்றான் நிரோஜன்.
கூட்டினேன்.
தலையணைக்கு அடைப்பதுபோல் அடைத்தேன்.
இழுத்தபோது தொண்டையில்
இஸ்திரியில் கருகிய சட்டை.
அப்ப குறை என்றான்.
குறைத்தேன்.
காற்றுத் துளைகள் சளிபிடித்த பிள்ளையின் மூக்காகி
ராத்திரி முழுக்க வடிந்தன.
அவனிடம் எதற்கும் இரண்டே பதில்.
அவன் கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது,
அது வேறு கதை.

இன்றைக்கு நானே.
காயிலுக்குள் பஞ்சை நுழைத்து இழுக்கும்போது
கம்பி லேசாக அசையலாம், வளையக் கூடாது.
இருபுறமும் தொங்கும் வால்களை
நகம் வெட்டும் கத்தரியால் சரிவாய் நறுக்கி,
குண்டூசியால் சீவி, தடிப்பைக் கொஞ்சம் பிய்த்தெடுத்து,
திரவம் ஏறும் வாய்க்காலின் விளிம்பில்
சும்மா படுக்க வைக்கிறேன்.
திணிக்கவில்லை. விலக்கவுமில்லை.
செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்று கதைத்துவிட்டுப் போகும்
விருந்தாளி மாதிரி.

திரி.
எட்டாம் வகுப்பில் பாடமாக்கிய புணர்ச்சி விதி
இந்தக் குளிரில் ஏன் வருகிறது?
தோன்றல், திரிதல், கெடுதல்.
பால் திரியும். பஞ்சைத் திரித்தால் திரி.
கிளிநொச்சி, மதுரை, மொன்றியல், சட்பரி
என்று திரிந்ததற்கும் அதே சொல்தான்.
இதுவரை கெடவில்லை.
தோன்றவும் இல்லை.

ரேடியோ கரகரத்தது:
நெடுஞ்சாலை அறுபத்தொன்பது, பழைய பிக்கப்,
ஸ்டார்ட் ஆகவில்லை.
காற்றுத் துளையை மூடி, நிரப்பி, மூடியைத் திருகி,
தலைகீழாய்ப் பிடித்துத் துளையைத் திறந்து,
கப் ஹோல்டரில் டிஷ்யூவை மடித்துப் போட்டு
நிமிர்த்தி வைத்தேன்.
தப்பினால் கப் ஹோல்டரோடு போகட்டும்.

கோலெட் என்று பெயர். இமையில் உறைபனி.
மிதித்தாளாம், மிதித்தாளாம், இருபது தடவை.
பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் நெடி.
"அதற்குப் பசியில்லை," என்றேன்,
"மூச்சு முட்டுகிறது."
பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல்
என் ஹீட்டருக்கு முன்னால் கைகளை நீட்டி
இரண்டுபேரும் இருந்தோம்.
கண்ணாடிக்குள் ஒரு குமிழி
வாலருகில் முளைத்து, யோசித்து,
மேலே போனது.
பிறகு அவள் மிதியை அடிவரை அழுத்திச்
சாவியைத் திருப்பினாள்.
இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.

ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குப் பில் எழுத
படிவத்தில் கட்டமில்லை.
'பரிசோதனை' என்று எழுதினேன்.

காலை ஏழு மணி.
டேங்கைத் தூக்கி டிஷ்யூவை விரித்தேன்.
ஒரே ஒரு வட்டம்,
இந்த நாடு அடிப்பதை நிறுத்திவிட்ட
ஒரு சதக் காசளவு.
வலது வால் அரை மில்லிமீட்டர் குட்டை.

நிரோஜனிடம் சொல்லவில்லை.
கூட்டு என்பான்.