131ஆம் பக்கத்தின் ஓரம்

ஜுபைலில் எங்கள் கேம்ப்பில்
சி பிளாக், பதினேழாம் அறையில்
ஒரு நாவல் இருக்கிறது.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை.
எழுதியவர் பெயர் அந்தப் பதினாறோடு போய்விட்டது.
முதுகில் கறுப்பு இன்சுலேஷன் டேப்,
எலெக்ட்ரீஷியன் யாரோ போட்ட பைண்டிங்.

கதை சுமார்தான்.
வடிவு என்று ஒருத்தி, அவளுக்கொரு தறுதலைத் தம்பி,
மழை வந்தால் இரண்டு பக்கத்துக்கு மழை.
நான் படிப்பது கதையை அல்ல.
அச்சுக்கும் தாளின் விளிம்புக்கும் நடுவே
ஒரு விரல் அகல வெள்ளையில்
இந்தக் கட்டிலில் எனக்கு முன்னால் படுத்தவர்கள்
எழுதி வைத்ததை.

பக்கம் 29. அவர் நாற்காலியில் அமர்ந்தார்.
'எங்கட ஊரில இது கதிரை.'
நீல மை, மட்டக்களப்பு வேலாயுதராசா.
கீழே பென்சிலில்: 'உட்கார்ந்தா சரி.'
அதற்கும் கீழே வேறு கை, வேறு வருடம்:
'நாம எல்லாம் பெயிண்ட் டப்பா மேலதான் உட்கார்ந்திருக்கோம்,
கதையைப் படிங்கப்பா.'

54இல் தம்பி வட்டிக்கு வாங்குகிறான்.
பிச்சைக்கனி கூட்டிப் பார்த்திருக்கிறார்:
நூற்றுக்கு ஐந்து, பதினெட்டு மாதம்,
ஆசிரியர் கணக்கில் நானூறு ரூபாய் உதைக்கிறது.
பக்கத்திலேயே
ஏஜெண்டுக்குத் தான் கட்டிய கணக்கையும் போட்டிருக்கிறார்.
அது உதைக்கவில்லை.

70இல் ஒரு ஃபோன் நம்பர். 88இல் குழம்பு.
பச்சை மைக்காரர் ஒருவர்
தாளுக்குத் தாள் 'அருமை' 'அருமை' என்று வந்தவர்
112இல் 'பஸ் வந்துவிட்டது' என்று நிறுத்தினார்.
அதற்குப் பிறகு பச்சை இல்லை.
யான்புவுக்கு மாற்றினார்கள் என்கிறார் சிக்கந்தர்.
ஃபைனல் எக்ஸிட் என்கிறார் மெஸ்காரர்.

எனக்கு வேலை, சாரத்துக்கு அட்டை மாட்டுவது.
பச்சை என்றால் ஏறலாம். சிவப்பு என்றால் கூடாது.
மஞ்சள் என்றால் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறு.
எட்டு வருடத்தில் எந்தக் கட்டடத்தையும் நான் தொட்டதில்லை.
பக்கத்தில் நிற்பதைத்தான்
ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

131இல் வடிவின் புருஷன் பினாங்கிலிருந்து
ஆறு வருடம் கழித்து, சொல்லாமல், வந்து நிற்கிறான்.
கதவைத் திறந்தாள். மகிழ்ந்தாள்.
அவ்வளவுதான். ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்.

அங்கே ஒன்பது கையெழுத்து.
ஓரம் போதாமல் வரிகளின் இடுக்கில் ஏறி
பக்க எண்ணைச் சுற்றிக்கொண்டு மேலே போய்
'பொய்.'
'எப்படிப் பொய்?'
'முதலில் யாரென்று கேட்டிருப்பாள்.'
'பிள்ளைதான் கேட்கும். அவள் கேட்கமாட்டாள்.'
'சொல்லாமப் போறவனை உதைக்கணும்.'
'உண்மைதான். என் வீட்டில் மகிழ்ந்தார்கள். பதினோரு நாள்.'
'பன்னிரண்டாம் நாள்?'

அதற்குக் கீழே யாரும் எழுதவில்லை.
யாரோ எழுதி அழித்திருக்கிறார்கள்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
கடைசியில் ஒரு 'ம்' மட்டும் தெரிகிறது.

வியாழன் இரவு எனக்கு தம்மாமிலிருந்து விமானம்.
ரீஎன்ட்ரி போடவா, ஃபைனலா என்று
ஆபீஸில் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள்.
நாளை சொல்கிறேன் என்று மூன்று தடவை சொல்லியாயிற்று.

பெட்டியைக் கட்டி, எடை பார்த்து,
ஒரு கிலோ பேரீச்சம்பழத்தை வெளியே எடுத்து வைத்தபின்
தலையணை அடியிலிருந்து நாவலை உருவி
மிச்சமிருந்த அரை அங்குலத்தில் எழுதினேன்:
'போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.'

மை காயும் முன்பே உறைத்தது,
சொல்வதென்றால் இங்கேதான் வரவேண்டும்.
அடிக்கலாமா என்று பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்.
பையில் கிடந்த மஞ்சள் அட்டையை
அந்தப் பக்கத்தில் செருகி மூடினேன்.

மேல் கட்டிலிலிருந்து ஒரு கை
விரல்களை விரித்துக்கொண்டு தொங்குகிறது.
'முடிச்சிட்டேன்னா குடு.'