ஒட்டுப்பால்

கூலிம் போகிற சாலையில், டயர் கடைக்குப் பக்கத்தில்
நான் ரசீது எழுதும் இடம்.
மங்கில் உறைந்ததை மூட்டையாகக் கொண்டுவருவார்கள்.
தராசில் ஏற்றி, தண்ணீருக்குக் கழித்து
கிலோவுக்கு இவ்வளவு.
முன்பு வெள்ளைப்பாலுக்குத்தான் மரியாதை.
இப்போது வாளி தூக்க ஆளில்லை,
வருவதெல்லாம் ஒட்டுப்பால்.
நாறுகிறது என்று யாரும் சொல்வதில்லை.
விலை கேட்கிறார்கள்.

அந்தச் சொல் என்மேல் விழுந்தது பள்ளி பஸ்ஸில்.
தோட்டத்து முச்சந்தியில் ஏறுகிறவர்கள் ஏழு பேர்.
தமான் பையன்கள் ஜன்னலை முழுக்கத் திறப்பார்கள்,
மழையிலும்.
"ஒட்டுப்பால் ஏறிடுச்சுடா."
நான் பால்மரத்தைத் தொட்டதே இல்லை.
பள்ளிச் சட்டை காய்ந்த கொடிக்குக் கீழே
அப்பாவின் சாக்கு இருந்தது,
அவ்வளவுதான்.

பிறகு அது வீடு மாறியது.
மலாய்ப் பாடத்தில் தேறாதவர்களை
ஒரு வருடம் ஊறப்போட்ட ரிமூவ் வகுப்பு,
அந்த வகுப்புக்கே பெயர் ஒட்டுப்பால்.
கிராணி மகன் பிரபானந்தன்,
கழுத்துவரை பவுடர் பூசுகிறவன்,
பஸ்ஸில் என் முன்னால் மூக்கைப் பொத்தியவன்,
அவனும் ஆனான்.
கழிவறைக்குப் பின்னால் நின்று அழுதான்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
நானும் ஒருமுறை அவனைப் பார்த்துச் சொன்னேன்.
வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது:
நாக்கு மேலே போய் அறைந்து
பால் என்று இளகிக் கீழே வரும்.

மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள்.
லயத்துக்காரர்கள் மூன்று மாடிக்கு ஏறினோம்.
மரம் போன பிறகு
சொல்லுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.
தம்பி சிவநேசன்
மாடிப்படிச் சுவரில் சிவப்பு ஸ்ப்ரேயில் எழுதினான்:
ஒட்டுப்பால் பாய்ஸ்.
கீழே ஒரு மண்டை ஓடு,
அதற்குப் பல் வரைய வரவில்லை.
இரவில் ஆறு மோட்டார் சைக்கிள்கள் அதன் பெயரில் உறுமும்.
எந்த அப்பனும் அவர்களைப் பார்த்து அதைச் சொல்லமாட்டான்,
அவர்களாகவே சொல்லிக்கொள்வார்கள்,
நெஞ்சைத் தட்டி.
ஒருநாள் நிலையத்தில் கார்ப்பரல் என்னைக் கேட்டார்,
இதற்கு அர்த்தம் என்ன?
எப்படிச் சொல்ல.
பால் என்றேன்.
அவர் மலாயில் 'சூசூ' என்று எழுதிக்கொண்டார்.
அந்தத் தாளில்தான் தம்பி கையெழுத்துப் போட்டான்.

இப்போது பபிள் டீ வண்டியில் நிற்கிற பெண்கள்,
மங்கைக் கண்ணால் கண்டிராதவர்கள்,
ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே பேசுகிறார்கள்:
"சரியான ஒட்டுப்பால்டி அவன்,
பிளாக் பண்ணாலும் வேற நம்பர்ல வர்றான்."
வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
நாற்றம் போய் பிசுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

போன வாரம் ரிஷிவர்மன் வந்தான்,
மாமனுடைய மூட்டையோடு.
பத்தொன்பது வயது.
கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஜொகூருக்குப் போய்
விடியற்காலை பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள்.
மூட்டை தராசில் ஆடி நிற்கும்வரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அக்கா, நீங்க எங்கயும் போகலயா?"
இல்லை.
"அப்ப நம்ம ஆளு. ஒட்டுப்பால்."
ஊரைவிட்டுப் போகாதவர்களுக்கு
இப்போது அதுதான் பெயராம்.
உறவு சொல்வதுபோல் சொன்னான்.
முஷ்டியை நீட்டினான்,
நானும் என் முஷ்டியால் இடித்தேன்.

நாற்பத்தொரு கிலோ.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
அவன் மோட்டார் சைக்கிள் டயர் கடையைத் தாண்டியதும்
சட்டைக் கையை
மெதுவாக மூக்கருகே கொண்டுபோனேன்.