ஃபிரிட்ஜுக்குள் சாவி

படமெடுக்கும் நாளில் என் முதல் வேலை
அந்த வீட்டு ஃபிரிட்ஜை அணைப்பது.
குடியிருப்பவர்களுக்கு அது மௌனம்,
என் ஹெட்ஃபோனில் ஒரு லாரி.
அணைத்த கையோடு வேன் சாவியை உள்ளே வைத்துவிடுவேன்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
சாவி இல்லாமல் கிளம்ப முடியாது,
சாவியை எடுக்கும்போது ஸ்விட்ச் ஞாபகம் வரும்.
பதினோரு வருஷத்தில் யார் வீட்டுப் பாலும்
என்னால் திரிந்ததில்லை.

குட்டாயிசியில், ரியோனி ஆற்றைப் பார்த்த நான்காம் மாடியில்
நாசிப்ரோலா க்வெலெசியானி.
ஆறு கவிதைத் தொகுப்பு.
பகலில் பல் ஆஸ்பத்திரியில் கணக்கு.
இயக்குநர் ஸ்வியாத் அவரை ஜன்னலோரம் உட்காரச் சொன்னான்.
"வெளியே பாருங்கள், ஏதோ யோசிப்பதுபோல."
"ஜன்னலில் பார்த்துக்கொண்டு நிற்பவள்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள், தம்பி."
சொன்னாரே தவிர, பார்த்தார்.
மூன்று டேக்.

ஆற்றின் வெள்ளைக் கற்கள்மேல் நடக்கவைத்தோம்,
புது ஷூ கடிக்கக் கடிக்க.
கவிதை வாசிக்கச் சொன்னோம்.
நான்காம் வரியில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.
"அதற்கும் அந்த வரி பிடிக்கவில்லை" என்றார், சிரிக்காமல்.
எழுதுவதுபோல் ஒரு காட்சி வேண்டுமென்றதும்
மேசையைத் தேடவேண்டியதாயிற்று:
தங்கையின் தையல் மிஷினுக்கும்
பிளம் ஜாடிகளுக்கும் அடியில் கிடந்தது.
என்ன எழுதினார் என்பதைக் கேமராக்காரன் கோச்சா
பிறகு பெரிதாக்கிக் காட்டினான்:
வெங்காயம். சோடா உப்பு. மின்கட்டணம். மின்கட்டணம்.

கடைசியில் அறையின் ஒலி.
ஒரு நிமிஷம் யாரும் அசையக்கூடாது.
வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு
அந்தச் சும்மா எனக்கு வேண்டும்.
ஸ்வியாத் கண்ணை மூடிக்கொண்டான்.
கோச்சாவின் வயிறு முனகியது.
அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
வீட்டிலிருந்து எதையோ எடுத்து நான் பையில் போடுவதைக்
கண்டுவிட்டவர்போல.

ஆறு மணிக்கு நன்றி, கன்னத்தில் முத்தம், ஒரு பாட்டில் ஒயின்.
கீழே, வேன் கதவில் கைவைத்த பிறகுதான்
சாவி.

காசு போட்டால்தான் அந்த லிஃப்ட் ஏறும்.
சில்லறை இல்லை, படியேறினேன்.
கதவு வெறுமனே சாத்தியிருந்தது.
சமையலறையில், இஸ்திரிப் பலகைமேல் குனிந்து,
நின்றபடி,
ஒரு காலில் மட்டும் செருப்போடு
எழுதிக்கொண்டிருந்தார்
ஆஸ்பத்திரி ரசீதொன்றின் முதுகில்.
உதடு அசைந்தது.
இடதுகை விரல்கள் சீர் எண்ணின,
தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணின.
இஸ்திரிப்பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது
எந்தத் துணிக்கும் இல்லாமல்.

கேமரா வேனில். மைக் வேனில்.
என்னிடம் இருந்தது இரண்டு காது.

ஃபிரிட்ஜைத் திறந்தேன், விளக்கு எரியவில்லை.
சாவி ஜில்லென்றிருந்தது.
ஸ்விட்சைப் போட்டதும் அந்த லாரி கிளம்பியது.
அவர் நிமிரவில்லை.
நின்றிருந்த பேனா மட்டும்
மேலே ஓடத் தொடங்கியது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றான் ஸ்வியாத்.

லிஃப்ட், என்றேன்.