ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்

கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளை
நான்தான் எழுதினேன், நீல மையில்:
யெலிசோவோவிலிருந்து நிகோல்ஸ்கோயே.
தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு.
இரண்டும் பொய்யில்லை.
படித்துவிட்டு என்னை யாரும் நம்புவதுமில்லை.

கிளாவ்தியா பதாயேவா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பெத்ரோபாவ்லோவ்ஸ்க் சந்தையில் வாங்கிய தக்காளி,
பெட்டியோடு நாலு கிலோ,
அத்தனையும் பச்சைக்காய்.
"போய்ச் சேர்வதற்குள் பழுக்கட்டும்" என்றாள்,
பழகியவள்.
தீவில் என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னாள். இருமல் வந்தது எனக்கு.

பத்தொன்பது இருக்கை விமானம்.
அது கிளம்ப
இரண்டு வானம் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும்.
இங்கே வெயில் அடித்தால் அங்கே மூடுபனி.
அங்கே விலகினால் இங்கே எரிமலை
தொப்பியை இறக்கி முகத்தை மூடிக்கொள்ளும்.
ஒரு மணி நேரம் நிலைத்து நிற்காத ஒன்றுக்கு
வானிலை என்று பெயர் வைத்தவன்
இந்தப் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும்.

காலை எட்டுக்கு எல்லாரும் வருவார்கள்.
பத்துக்கு என்பேன்.
பன்னிரண்டுக்கு.
மூன்றுக்கு.
பிறகு, நாளை.
அந்தச் சொல்லுக்கு என்னிடம் ரப்பர் முத்திரை உண்டு.
மற்ற முத்திரைகள் புதிதாகவே இருக்கின்றன.

பல் வைத்தியர் ரொதியோன்
வருடத்துக்கு ஒருமுறை தீவுக்குப் போகிறவர்.
ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல்
பெட்டியைத் திறந்து,
காத்திருந்த ஒரு பையனின் ஆடும் பல்லை
பெஞ்சிலேயே பிடுங்கினார்.
தீவின் பல் ஒன்று குறைந்தது, அவர் போகாமலே.

ஆறாம் நாள் அவள் கணவன் போனில் கத்தினான்:
"இங்கே தெளிவு! கடல்நாயின் மீசைகூடத் தெரிகிறது!"
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை,
ஓடுபாதைகூட.

எட்டாம் நாள் பெட்டிக்குள் மஞ்சள்.
பத்தாம் நாள் சிவப்பு.
பதினொன்றில் அடியிலிருந்து ஒரு ஈரம்
அட்டையை நனைத்து என் தரைக்கு வந்தது.
துடைப்பம் கேட்டாள்.
நானே துடைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு வானமும் திறந்தன.
எவரும் ஓடவில்லை;
ஓடினால் கேட்டுவிடும் என்பதுபோல்
மெதுவாக நடந்தார்கள்.
சத்தம் தேய்ந்து போனதும் டீ ஊற்றிக்கொண்டேன்.
இந்தக் கூடம் இவ்வளவு பெரிதா?

டீ ஆறியிருந்தது, வானொலி பேசியபோது:
தீவு மூடிவிட்டது. பாதி வழியில் திரும்புகிறோம்.

இருநூற்றெழுபது போய்
இருநூற்றெழுபது வந்து
அதே கதவு வழியாக உள்ளே வந்தாள்.
கண்ணாடித் தாளை வரிவரியாகப் படித்தாள்,
என் கையெழுத்தைத் திருத்தப்போகிறவள்போல.
"ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டரையும் முடித்தேன்.
இரண்டு மணியும் ஆயிற்று.
தீவு மட்டும்தான் பாக்கி."

சிரித்தது முதலில் பல் வைத்தியர்.
அப்புறம் ஓட்டைப் பல்லோடு அந்தப் பையன்.
அவள் சிரிக்கவில்லை.
பெட்டியைப் பெஞ்சில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.
"உப்பு இருக்கிறதா?"

இழுப்பறையில் இருந்தது,
முத்திரைக்குப் பக்கத்தில்.
பத்தொன்பது இருக்கைக்காரர்களும் தின்றோம்,
இருக்கை இல்லாத நானும்.
முழங்கைவரை சாறு.
கெட்டியாக மிஞ்சிய நான்கை மட்டும்
தலைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.
"ஒன்று பச்சை" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
"அதுதான் போய்ச் சேரும்."