ஏழு நிமிஷத் தண்ணீர்

பெரிய படத்தின் பெட்டி சேலத்தில் மாட்டிக்கொண்டால்
முதலாளி ஓட்டச் சொல்வது இதைத்தான்.
ஒரே ரீல். ஏழு நிமிஷம். கலர்.
எந்தத் தேசம், எவன் வரைந்தான்,
எழுத்து ஓடும் தலைப்பக்கம் கிழிந்துபோய்
யாருக்கும் தெரியாது.
பாலக்கோட்டுக்கு வரும்போதே அது அநாதை.

கரடி ஒன்று தூங்கப் போகிறது.
கோடு போட்ட சட்டை, குஞ்சம் வைத்த குல்லா.
பக்கத்து அறையில் ஒரு குழாய்.
டொக்.
அவ்வளவுதான் கதை.

எழுந்துபோய் இறுக்குகிறது. டொக்.
துணி சுற்றுகிறது. டொக்.
காதில் தக்கை அடைத்துக்கொள்கிறது,
தக்கைக்குள்ளிருந்து டொக்.
கடைசியில் குழாயின் கழுத்தையே முடிச்சுப் போட,
முடிச்சு வீங்கிப் பூசணியாகி, யானையாகி
வெடிக்கும்போது
வாத்தியங்கள் எல்லாம் மாடிப்படியில் உருண்டு விழும்.
வீடு நிரம்பும். கட்டில் மிதக்கும்.
கதவைப் பெயர்த்துக்கொண்டு
தெருவே ஆறாகப் போகும், கரடி அதன்மேல் குறட்டை விட்டபடி.

வரைந்தவன் அங்கேதான் சிரிக்கச் சொல்லியிருந்தான்.

அந்த வருஷம் சின்னாறு
எலும்பைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.
கிணற்றுக் கயிற்றுக்கு மூன்று ஒட்டு.
போர் போட்டு வந்த தண்ணீரோ
குடித்தவர் பல்லைக் குடித்தது.

முதல் நாள் யாரும் சிரிக்கவில்லை.
கொட்டகை மூச்சு விடாமல் பார்த்தது,
கல்யாண வீட்டில் சோற்றைக் கீழே கொட்டியவனைப் பார்ப்பதுபோல.

மாதம்மா எழுந்து நின்றாள்.
வரிசையில் நின்று கிடைக்காமல்
நேராகக் கொட்டகைக்கு வந்தவள்.
தலையும் இடுப்புக் குடமும் திரையில் நிழலாக விழுந்தன.
"அட கரடிப் பயலே,
அடியில ஒரு கொடத்த வெச்சாதான் என்னா?"

அப்புறம் சிரித்தார்களே, அதுதான் சிரிப்பு.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
உதட்டை மடித்தே பழகிய ஊர்.
இருட்டில் ஒருவர் கையும் வாய்க்குப் போகவில்லை.
நான் கேபின் ஓட்டை வழியே பார்த்தேன்:
திரை வெளிச்சம் திரும்பி அடித்து
முந்நூறு வாய்,
காவி, மஞ்சள், கறுப்பு.
திரையில் கரடிக்கு மட்டும்
முப்பத்திரண்டும் வெள்ளை.

பெரிய படம் வந்து சேர்ந்தது.
கதாநாயகன் பாதிப் பாட்டில் நிற்க,
தரை டிக்கெட் கத்தியது: "கரடியப் போடு!"
ஆபரேட்டர் சிக்கண்ணன் கார்பன் குச்சி விலை சொல்லித் திட்டினார்.
போட்டார்.

கிணறு வெட்டும் பச்சியப்பன்
வாஷர் மாற்றும் விதத்தைத் தினமும் கரடிக்கு விளக்கினான்.
மாதம்மா எண்ணினாள்.
ஐந்தாம் நாள் தீர்ப்புச் சொன்னாள்:
"இருவத்திமூணு சொட்டு.
ஒரு சங்குப் பாலு அளவுகூட வராது.
இதுக்கா இத்தன கூத்து?"

பழைய ரீல், அறுந்துகொண்டே இருக்கும்.
அறுந்த இடத்தை வெட்டி, சுரண்டி,
பசை தடவி ஒட்டுவார் சிக்கண்ணன்.
வெட்டிய துண்டைக் குப்பையில் போடச் சொல்வார்.

ஒன்பதாம் நாள் குழாய் வெடிப்பதற்கு முன்பே
மாதம்மா எழுந்துவிட்டாள்.
"இருவதுதான் இருக்குது.
மூணு சொட்ட எவன் குடிச்சான்?"

கொட்டகை கேபின் பக்கம் திரும்பிப் பார்த்தது.
சிக்கண்ணன் மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார்.
நான் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன்.
நீலமாக மூன்று,
குழாய் நுனியில் தொங்கியபடி,
இன்னும் விழாதவை.

பன்னிரண்டாம் நாள் அரூர் கொட்டகையில் கேட்டார்கள்.
தகரப் பெட்டியை நானும் சிக்கண்ணனும்
பஸ் ஏணியில் ஏற்றினோம்.
கண்டக்டர் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்து
"என்னய்யா இந்தக் கனம் கனக்குது?" என்றான்.

"தண்ணி" என்றார் சிக்கண்ணன்,
முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு
அவன் குனிந்து,
பெட்டிக்கு அடியில் கை நீட்டி
ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தான்.