பத்தடிக்குப் பன்னிரண்டு

சுங்கை சிப்புட்டில் வசந்தம் என்று தனியாக ஒன்றும் கிடையாது.
மாசியில், தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம்
மிச்சமிருக்கும் பால்மரங்கள்
இலையைக் கொட்டிவிட்டு எலும்பாய் நிற்கும்.
பங்குனி முடிவதற்குள்
செம்பு நிறத்தில் தளிர்.
அவ்வளவுதான். பிறகு வழக்கமான வெயில்,
வழக்கமான மழை.

அந்த இடைவெளி பார்த்துத்தான்
நான் புல் வாங்கினேன்.

லாரியில் வந்தது, சதுரம் சதுரமாக,
அடியில் செம்மண் ஒட்டிக்கொண்டு,
ஈரச் சாக்கு வாசனையோடு.
பிள்ளையாருக்குப் போகிற புல் இல்லை, மாட்டுப்புல்.
ஒன்று ஒரு வெள்ளி இருபது காசு.
"இடம் விட்டுப் போடுக்கா,
தானா ஓடிச் சேந்துக்கும்"
என்றான் லாரிக்காரச் சிகாமணி.
புல் எப்படி ஓடும் என்று
எனக்கா சொல்ல வேண்டும்?

இருபத்தாறு வருசம் புல்லைக் கொன்றவள் நான்.
நாலாம் டிவிசன், மருந்தடிக்கிற கும்பல்.
முதுகில் பதினாறு லிட்டர் தோம்பு.
மரத்தைச் சுற்றி ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் பச்சையாய் எதுவும் இருக்கக் கூடாது.
அதுதான் வேலை.
மண்டோர் பின்னாலேயே வருவார்.
ஒரு கீற்று தப்பினாலும் பேர் எழுதிக்கொள்வார்.
அப்போது இரண்டு நகம் விழுந்தது.
ஒன்று திரும்பி வந்தது,
கோணலாக.

புல்லும் திரும்பி வரும்.
இரண்டு மழை போதும்,
கோபமே இல்லாமல்
பெரட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்கும்.

இப்போது தாமான் வீடு,
வாசலில் பத்தடிக்குப் பன்னிரண்டு.
குழாயில் தண்ணீர் வராத நாளில்
அரிசி கழுவியது, மீன் கழுவியது,
எல்லாம் அதற்குத்தான்.
மீன் தண்ணீர் விட்ட மூலை
மற்றதைவிடக் கறுத்துப் பச்சையாய் வந்தது.
பூனைகளும் வந்தன.

மகன் தயாளன் ஈப்போவிலிருந்து வந்து
இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.
"சிமெண்டு போட்டா
ரெண்டாவது கார் நிறுத்தலாம்மா."
அவனிடம் இருப்பது ஒரு கார்.

மூன்றாம் வாரம் லாலான்.
ஊசிமுனையாய், லேசான சிவப்போடு,
இரண்டு சதுரத்துக்கு நடுவில்.
என் கை தானாக இடது தோளுக்குப் போனது,
தோம்பு வாரைச் சரிசெய்ய.
வார் இல்லை.
நைட்டிதான் இருந்தது.

ஆ ஹுவாட் கடையில் இன்னும் விற்கிறான் மருந்தை,
சின்னப் போத்தலில்.
ஒட்டிய தாளில் ஒரு வெள்ளைக்கார வீடு,
முன்னால் புல்வெளி,
மனிதர் யாரும் இல்லை.
வாங்கி வந்தேன்.
இரண்டு நாள் குளியலறை ஓரத்தில் அது நின்றது.
மூடியைத் திறக்கவில்லை,
ஆனாலும் அந்த வாடை எனக்கு வந்தது.
மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன்.
காசு தரமாட்டேன் என்றான்,
ஒரு கிலோ உரம் கட்டிக் கொடுத்தான்.

லாலானைத் திருப்புளியால் தோண்டினேன்.
வெள்ளை வேர், முடிச்சு முடிச்சாக.
ஒரு முடிச்சு விட்டாலும் மறுபடி முளைக்கும்.
எங்கோ ஒன்றை விட்டிருப்பேன்.
வரட்டும்,
திருப்புளி எங்கே போகிறது.

சித்திரையில் எதிர்வீட்டு காக் ரொஹானா
மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
முதல் வெட்டு.
நாலு முறை போய்வந்தாள், முடிந்துவிட்டது.
நான் அப்படியே நின்றேன்.
வெட்டின புல்லுக்கு ஒரு வாசனை இருக்கிறது.
இருபத்தாறு வருசம்
இது எனக்குத் தெரியாது.
நாங்கள் அடித்த புல் மஞ்சளாகிச் சாயும்,
மருந்துதான் மணக்கும்.
"வாசனை" என்று அவளிடம் சொல்ல
எனக்கு மலாய் வார்த்தை வரவில்லை.
மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.
தும்மல் என்று நினைத்து
டிஷ்யூ கொடுத்தாள்.

போன சனி ராத்திரி
தயாளன் காரைத் திருப்பும்போது
பின்சக்கரம் உள்ளே ஏறிவிட்டது.
"சாரிம்மா, தெரியலை."
விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
தடத்தில் பாதிப் புல் எழுந்துவிட்டிருந்தது.
மீதிக்குத் தண்ணீர் விட்டேன்.